பள்ளி மூடிய நாட்களில் பிள்ளையின் படிப்பு யார் கையில்?

2005 அக்டோபர் 8 அன்று பாகிஸ்தானின் வடபகுதியை 7.6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. ஊர் ஊராக வீடுகளும் பள்ளிக்கூடங்களும் தரைமட்டமாயின. அப்புறம் உதவிகள் வந்தன. நிலநடுக்கம் கிளம்பிய நிலப்பிளவுக்கு அருகில் இருந்த பல குடும்பங்களுக்கு, வீட்டில் ஒருவருக்கு ஆகும் ஓராண்டுச் செலவையும் தாண்டிய தொகை நிவாரணமாகக் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தாஹிர் அந்த்ராபி, பெஞ்சமின் டேனியல்ஸ், ஜிஷ்ணு தாஸ் ஆகிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, நிலப்பிளவுக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளுக்கும் தள்ளியிருந்த வீடுகளுக்கும் வசதியில் வித்தியாசம் தெரியவில்லை. பெரியவர்களின் நிலையிலும் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அந்தப் பகுதி எழுந்து நின்றுவிட்டது.

பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. பள்ளிகள் மூடிக்கிடந்தது சராசரியாக 14 வாரம். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து நடந்த தேர்வில், அதிகம் பாதிக்கப்பட்ட இடத்துப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்றரை ஆண்டுப் படிப்புக்குக் குறையாமல் பின்தங்கியிருந்தார்கள். மூன்றரை மாத இழப்பு எப்படி இவ்வளவு வளர்ந்தது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் அதே ஆய்வில் கிடைத்த இன்னொரு தகவலைப் பார்க்க வேண்டும். தொடக்கக் கல்வியை முடித்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு இல்லவே இல்லை.

அதற்கு அந்தத் தாய்மார்கள் பட்டதாரிகளாகவோ ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களாகவோ இருக்க வேண்டியிருக்கவில்லை. தொடக்கப் பள்ளியை முடித்திருந்தாலே போதுமானதாக இருந்தது. அவ்வளவே படித்த ஒரு தாய் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்க வழியில்லை. ஆனாலும் பிள்ளை படித்ததா இல்லையா, எந்த இடத்தில் திணறுகிறது என்பதைக் கவனிக்கவும், விட்ட இடத்தைப் பிடிக்க வைக்கவும் அந்தப் படிப்பு அவர்களுக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். நெருக்கடிக் காலத்தில் பிள்ளையின் படிப்பைத் தாங்கிப் பிடிப்பது வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரின் கவனம். அந்தக் கவனம் சிதறாமல் இருக்க அந்தப் பெரியவருக்குத் துணை வேண்டும். குடும்பங்களுக்கு உதவப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

கருவி இருந்தும் கற்றல் நடக்காதபோது

2020 ஏப்ரலில் கொரோனா பெருந்தொற்றின் உச்சத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அரசுகளும் பள்ளிகளும் முதலில் ஓடியது கருவிகளின் பக்கம். மடிக்கணினி, இணையம், செயலி, காணொளி வகுப்பு. இணையமே இல்லாத வீட்டுக்கு இவை எதுவும் போய்ச் சேரவில்லை என்பது உடனே தெரிந்தது. இணையம் இருந்த வீடுகளில் என்ன நடந்தது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவந்தது.

அதற்கு நெதர்லாந்து நல்ல உதாரணம். அகன்ற அலைவரிசை இணையம் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கும் நாடு அது. பள்ளிகள் மூடியிருந்ததும் எட்டு வாரம்தான். பெர் எங்செல், அருண் ஃப்ரே, மார்க் வெர்ஹாகன் மூவரும் சுமார் 3,50,000 தொடக்கப் பள்ளி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார்கள். அந்த எட்டு வாரத்தில் வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள் கற்றுக்கொண்டது மிகக் குறைவு, அல்லது ஒன்றுமே இல்லை. ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் திரை இருந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார எல்லா வீட்டிலும் ஆள் இல்லை.

இது இன்றைக்குப் புதிதாக வந்த சிக்கலும் இல்லை. 1937-இல் சிகாகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியதால் பள்ளிகளைத் திறக்க முடியவில்லை. நகரக் கல்வித் துறை வானொலி நிலையங்களோடு பேசி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடங்களை ஒலிபரப்பியது. எந்த நேரத்தில் எந்தப் பாடம் என்பதைச் செய்தித்தாள்கள் அன்றாடம் அச்சிட்டன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒலிபரப்பு அல்ல. பெற்றோர் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பதற்காக ஆசிரியர்களைத் தொலைபேசியருகே உட்கார வைத்தார்கள். அழைப்புகள் குவிந்தன. பாடம் வீடு வரைக்கும் வந்துவிடும், ஆனால் அதைப் பிள்ளையிடம் கொண்டு சேர்க்க வேண்டிய பெரியவருக்குப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதை அன்றைக்கே கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

வாரம் ஓர் அழைப்பு

2020-இல் போட்ஸ்வானாவில் இதே எண்ணத்தை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தார்கள். நோம் ஆங்ரிஸ்ட், பீட்டர் பெர்க்மன், மொய்ட்ஷெபி மாட்ஷெங் ஆகியோரின் அந்த ஆய்வில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் சுமார் 4,500 குடும்பங்கள் பங்கெடுத்தன. ஒரு பிரிவுக்கு எதுவும் அனுப்பவில்லை. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் சில கணக்குகள் மட்டும் போயின. மூன்றாவது பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு, வாரம் ஒருமுறை 15 முதல் 20 நிமிடத் தொலைபேசி அழைப்பும் வந்தது. திறன்பேசியோ இணையமோ தேவையில்லை. சாதாரண கைப்பேசி போதும்.

அழைப்பு நடந்த விதத்தை உற்றுக் கவனிக்க வேண்டும். கூப்பிடுகிறவர் முதலில் பெற்றோரிடம் பேசுவார். பிறகு ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி, பிள்ளையையும் பக்கத்தில் வரச் சொல்லுவார். அந்த வாரத்துக் கணக்கைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடும், பெற்றோர் கேட்டுக்கொண்டிருப்பார். எட்டு வாரம் இப்படிப் போனது. குறுஞ்செய்தி மட்டும் பெற்ற வீடுகளில் நிலையான பலன் தெரியவில்லை. அழைப்பும் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாகக் கூடியது. அதோடு, தன் பிள்ளை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பெற்றோர் போட்டுவைத்திருந்த கணிப்பும் முன்பைவிடச் சரியாக வந்தது. பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளிலும் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். அங்கேயும் பலித்தது.

அந்த இரண்டாவது பலன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளை நாலாம் வகுப்பு என்றால் நாலாம் வகுப்புக் கணக்கு வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்லிக்கொண்டே போடுவதைக் கேட்கும்போதுதான் எங்கே நிற்கிறது என்று விளங்குகிறது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிவைத்திருக்கிறாள் என்று வையுங்கள். "தப்பு, 25" என்று திருத்திவிட்டால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அதற்குப் பதிலாக அம்மா, "இது எப்படிம்மா வந்துச்சு, சொல்லேன்" என்று கேட்கிறாள். "அஞ்சுல ரெண்டு போனா மூணு. ஏழுல ரெண்டு போனா அஞ்சு." இப்போது விஷயம் வெளியே வந்துவிட்டது. இவளுக்குக் கழித்தல் தெரியும், ஆனால் எந்த எண் மேலே எந்த எண் கீழே என்பதைப் பார்க்காமல், பெரியதிலிருந்து சிறியதை எடுத்துக்கொண்டே போகிறாள். கவனக்குறைவு என்று திட்டினால் இது சரியாகாது. இதே வகைக் கணக்கை இன்னும் இருபது கொடுத்தால், இருபதையும் இதே மாதிரிதான் போடுவாள்.

பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் ஐந்து கட்டும், உதிரியாக இரண்டும் அவள் முன்னால் வைத்து, "இதுலேர்ந்து இருபத்தேழு எனக்குக் குடு" என்று கேட்டால் போதும். இரண்டு கட்டை எடுத்துக் கொடுப்பாள். உதிரி ஏழு கேட்கும்போது கையில் இரண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் குச்சியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்ப்பாள். அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரியவருக்குக் கஷ்டமான வேலை. கடைசியில் ஒரு கட்டை அவளே பிரிப்பாள். பத்து நிமிடத்தில் நடந்து முடியும் இந்தக் காரியத்துக்கு வேண்டியது, அவசரமில்லாத ஒரு பெரியவர்.

படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது என்று கேட்கலாம். நிறையவே செய்யலாம். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மனப்பாடம் நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். எழுத்துத் தெரியாத அப்பா ராத்திரி உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்று கேட்டு, புரியாத இடத்தில் "அது ஏன் அப்படி?" என்று இடைமறித்தாலே, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் அந்தப் பயிற்சி நடந்துவிடுகிறது. அவர் தெரியாதது மாதிரி நடிக்கவும் தேவையில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார், பிள்ளைக்கும் அது தெரியும்.

வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்ற வேண்டாம் என்று சொல்லுவதும் இதனால்தான். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மணியடித்து மணியடித்து வகுப்பு நடத்துவது, முப்பது பேரை ஒரே அறையில் வைத்துப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வந்த ஏற்பாடு. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று உட்காரும்போது, சின்னப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் இரண்டு தடவை ஒழுங்காக நடந்தாலே நல்ல படிப்பு. மீதி நேரத்தை விளையாட்டு, வாசிப்பு, வீட்டு வேலையில் ஒரு பங்கு என்று விடலாம்.

பெரியவர் மனம்

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவரிடம் பொறுமை மிச்சமிருந்தால் நடக்கும். நெருக்கடியில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயம் நொடித்துப்போனது. கடனில் நிலம் போனது, குடும்பங்கள் ஆட்டம் கண்டன. ராண்ட் காங்கர், கிளென் எல்டர் ஆகியோர் அங்கே உள்ள குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பணக்கஷ்டம் பிள்ளைகளை நேராகப் போய்த் தாக்குவதைவிட, பெற்றோர் வழியாகவே அதிகம் வந்து சேர்ந்தது. கட்ட வேண்டிய பணத்தைக் கட்ட முடியாத அழுத்தம் பெற்றோரைச் சோர்வில் தள்ளுகிறது, சோர்வு கணவன் மனைவிச் சண்டையாகிறது, சண்டை பிள்ளையிடம் எரிந்து விழுவதாகவோ பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவதாகவோ முடிகிறது. அதற்கப்புறம்தான் பிள்ளையின் படிப்பும் நடத்தையும் ஆடத் தொடங்குகின்றன. இந்தச் சங்கிலியை ஏதாவது ஒரு கண்ணியில் அறுத்தால், கஷ்டம் இருந்தாலும் பிள்ளை தப்பித்துவிடும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் நம்பிக்கை.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, ஹாம்ப்ஸ்டட் பகுதியில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டாரதி பர்லிங்கமும் எழுதிவைத்ததும் இதோடு சேரும். தாயோடு இருந்து குண்டுவீச்சைக் கடந்த குழந்தைகளைவிட, பாதுகாப்புக்காகத் தாயைப் பிரித்து அனுப்பப்பட்ட குழந்தைகள் அதிகம் உடைந்துபோயிருந்தார்கள். குழந்தை பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதைத் தாயின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்தது.

இதைக் கேட்டு, "அப்படியென்றால் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டுமா" என்று ஒரு தாயோ தகப்பனோ கூடுதலாகச் சுமக்க வேண்டாம். அழுகை வந்தால் அழலாம், பிள்ளை பார்த்தாலும் பரவாயில்லை. "அம்மாவுக்கு இன்னிக்குக் கவலையா இருக்கு, அதான் கத்திட்டேன். உன் மேல தப்பில்ல" என்று அப்புறம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னப் பிள்ளைகள் வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தாங்கள்தான் காரணம் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். அந்தப் பாரத்தை அவர்களிடமிருந்து இறக்கிவைப்பது படிப்பைவிட முதல் வேலை. நடந்ததை மறைப்பதிலும் பலனில்லை. வயதுக்கு ஏற்ற அளவில், உள்ளதை உள்ளபடி, சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது.

செய்தித் தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிடுங்கள். 1995-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்த பிறகு பெட்டி ஃபெஃபர்பாம் குழுவினர் அங்குள்ள பிள்ளைகளை ஆராய்ந்தபோது, யாரையும் நேரடியாக இழக்காத பிள்ளைகளிடமும் அந்தக் காட்சிகளை அதிகம் பார்த்ததற்கும் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்கும் தொடர்பு இருந்தது. ஒரே காட்சி நூறு தடவை ஓடும்போது, நூறு தடவை நடந்ததாகச் சின்னக் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

அன்றாட ஒழுங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம் மூன்றும் நிலையாக இருந்தால் நாள் தானாக ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். முகாமில் இருந்தாலும், உறவினர் வீட்டு ஓர் அறையில் இருந்தாலும், தூங்குவதற்கு முன் ஒரு கதை என்ற வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து பெற்றோருக்கு வழங்கிய குறிப்புகளில் முதலிடம் பெற்றதும் இதுபோன்ற எளிய ஒன்றுதான்: ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாக, தினமும் 20 நிமிடமாவது இருப்பது. என்ன செய்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

உதவ வருகிறவர்களுக்கு

ஒரு குடும்பத்துக்குப் பத்து இணைப்புகளையும் நாற்பது பக்கப் பயிற்சித் தாளையும் அனுப்பிவிட்டு, உதவிவிட்டதாக ஒரு பள்ளியோ அமைப்போ நினைத்துக்கொள்ளக் கூடாது. வேலை போன தகப்பனுக்கு அது இன்னொரு கடன். வாரத்துக்கு ஒரே ஒரு வேலையை அனுப்பி, அது எப்படிப் போனது என்று கூப்பிட்டுக் கேட்பது மேல். கூப்பிடும்போது முதல் கேள்வி படிப்பைப் பற்றி இருக்க வேண்டாம். "நீங்க எப்படி இருக்கீங்க? தூங்குறீங்களா? வீட்டுக்கு ஏதாவது அவசரமா வேணுமா?" என்று கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேளுங்கள். வாடகையோ மருந்தோ தேவையென்றால் அதைச் செய்து தரக்கூடியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கல்வி உதவிதான். அயோவாவில் கண்ட சங்கிலியின் முதல் கண்ணி அங்கேதான் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். 2014-இல் எபோலா பரவியபோது சியரா லியோனில் பள்ளிகள் மூடப்பட்டு, 2015 ஏப்ரலில்தான் திறந்தன. வானொலியில் பாடம் ஒலிபரப்பானது உண்மை. ஆனால் பள்ளி திறந்தபோது பல சிறுமிகள் திரும்பவில்லை. நோய் அதிகம் பாதித்த ஊர்களில் கருவுற்ற வளரிளம் பெண்கள் கூடியிருந்தார்கள். பெண் பிள்ளைகள் கூடிப் பேசவும் கற்கவும் ஒரு பாதுகாப்பான இடம் முன்பே இருந்த ஊர்களில் இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்ததை ஓரியானா பாண்டியேரா குழுவினரின் ஆய்வு காட்டியது. தம்பி தங்கையைப் பார்ப்பது, சமைப்பது, நோயாளிக்குப் பணிவிடை செய்வது எல்லாம் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தலையில் விழுகிறதா என்று கேட்காமல், "ஏன் கணக்குப் போடல" என்று கேட்பதில் நியாயமில்லை. வீடே பாதுகாப்பாக இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் பேசும் ஆசிரியருக்கு, அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த எண் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பாகிஸ்தான் கேள்வி. பதினான்கு வாரம் எப்படி ஒன்றரை ஆண்டானது? பள்ளி மூடியிருந்த நாட்களில் போனது மட்டும் என்றால் இழப்பு மூன்றரை மாதத்தோடு நின்றிருக்கும். மீதி முழுக்கப் பள்ளி திறந்த பிறகு சேர்ந்தது. வகுப்பு பாடத்திட்டத்தின்படி மேலே போய்க்கொண்டிருக்க, அடிப்படையைத் தவறவிட்ட பிள்ளை புரியாமலே அடுத்த பாடத்தில் உட்கார்ந்திருந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் தூரம் கூடியிருக்கும். பள்ளி மணி அடித்ததும் நெருக்கடி முடிந்துவிட்டதாகப் பெரியவர்கள் மூச்சுவிடும் நேரத்தில் இது நடக்கிறது என்பதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

அதனால் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே, பிள்ளையை முந்தைய வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, வாசித்ததைத் தன் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. எங்கே திணறுகிறதோ அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது, யாரை இழந்தீர்கள், பிள்ளை ஒழுங்காகத் தூங்குகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் முதல் சில வாரங்களைப் புதுப் பாடத்துக்கு முன்பு இதற்காக ஒதுக்கி, வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வாரம் ஒருமுறை வந்த அந்த அழைப்பு, பள்ளி திறந்த பிறகும் இன்னும் ஓர் ஆண்டாவது தொடரட்டும்.